புயலுக்குக் குத்திய குண்டூசிகள்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், ஜெர்மனிக்கு வந்தது, வேலை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு பக்கம் எழுதி, தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் வடிவா இருக்கு பிள்ளை. புயலை விட்டிட்டாய்.”

“எந்தப் புயல்?” என்றேன், தெரியாதவள் மாதிரி.

“அந்தப் புயல்தான். எல்லாரும் அதைத்தான் தேடுவினம். ஒரு பந்தி போட்டு விடு.”

உங்களில் சிலர் அந்தப் புயலைக் கேட்டிருப்பீர்கள். டோர்ட்மண்டில் எந்தக் கலியாண மண்டபத்திலும் சாப்பாடு முடிந்து ஆண்கள் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்ட பிறகு அப்பா அதைச் சொல்லுவார். கனடாவுக்குப் போகிற வழியில் ஒரு கரீபியத் தீவில் அகப்பட்டு, கூரை பறந்து, உயிர் தப்பிய கதை. நன்றாகச் சொல்லுவார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. காற்றின் வேகம் வரும் இடத்தில் மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பார். “எவ்வளவு பிள்ளை அது?” நான் சொல்லுவேன். வட்டத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்தப் பந்தியை மலரில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், என் வயதுக்காரர்களான உங்களுக்கு.

உங்களுக்குத்தான் இது விளங்கும். பத்து வயதில் அரசாங்கக் கடிதங்களை வாசித்துப் பெரியவர்களுக்குத் தமிழில் சொன்னவர்கள் நாம். டாக்டரிடம் அம்மாவின் அடிவயிற்று வலியை விளக்கியதும், வீட்டுக்காரரிடம் வெந்நீர்க் குழாயைப் பற்றிச் சண்டை பிடித்ததும் நாம்தான். இன்று கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறோம். அன்று நமக்கு ஒரு கர்வம் இருந்தது, இல்லையா? வீட்டில் நமக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்க முடியாது என்ற கர்வம். எல்லாக் கடிதத்தையும் நம் கைதானே திறந்தது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எனக்குப் பதினொரு வயது. அந்தக் கோடை தொடங்கிய கையோடு அப்பா வீட்டில் இல்லை. அவருடைய பச்சைக் காரும் இல்லை. அந்தக் காரின் பின் இருக்கையில் என் கம்பளித் தொப்பி ஒன்று கிடந்தது. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை. காரை விற்றுவிட்டு அப்பா கனடாவுக்குப் போகிறார், போய்ச் சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுவார் என்று அம்மா சொன்னார். இப்போது எங்கே என்று கேட்டேன்.

“வழியில நிக்கிறார்.”

இந்த ஒரு வசனத்தின் பலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் ‘வழியில நிக்கிறார்’ என்றால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எந்த நாடு, எந்த ஏஜென்ட், எத்தனை மாதம் என்று கேட்பது பாவம். கதைத்தால் வழி கெட்டுப்போகும். ஒருவர் எட்டு மாதம் வழியில் நின்றாலும் ஊர் பொறுமையாக இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த வசனத்துக்குள் மறைக்கலாம்.

இன்னொரு மாற்றமும் வந்தது. கடிதப் பெட்டியின் சாவி என் கழுத்துக் கயிற்றிலிருந்து அக்காவின் கைக்குப் போனது. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கொலோனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்துகொண்டிருந்த நேரம். அவளுடைய ஜெர்மன் என்னுடையதில் பாதிகூட இல்லை. ஆனாலும் சில நீண்ட உறைகள் என்னைத் தாண்டி அவள் கைப்பைக்குள் போயின. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போவார். பெரிய வேலை ஒன்று குறைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் முதலில் சுடுகிறது.

தீவுக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு மாமாவின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். நான் விடாமல் கேட்டேன்.

“மாமா, வழியிலயெண்டா எங்க? எந்த இடம்?”

“கனடாப் பக்கம்தான். ஒரு தீவு.”

“எந்தத் தீவு?”

மாமா என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாயில் வந்தாலே எனக்குக் கசக்கும். அக்கா தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்து அட்லஸில் தேடினேன். அரிசிமணி அளவு இருந்தது. அதைச் சுற்றிலும் நீல நிறம்தான். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது.

எங்கள் தெருமுனையில் விமானச் சீட்டும் விடுமுறைப் பயணமும் விற்கும் ஒரு கடை இருந்தது. அங்கே வேலை செய்த ஜெர்மன் பெண்ணுக்கு அம்மாவின் வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத் துணி. நான் உள்ளே போய், அந்தத் தீவின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். விடுமுறைக்குப் போகிறாயா என்றார். என் அப்பா அங்கே இருக்கிறார் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் மாட்டும் பெரிய கரீபியக் கடல் படம் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். அகலக்கோடு, நெடுங்கோடு எல்லாம் மெல்லிய கோடுகளாகப் போட்டிருந்தது. பணம் கேட்கவில்லை.

“இனிப் புயல் காலம்,” என்றார் அவர். “எங்களுக்கு விமானம் போகுமா போகாதா என்று தெரிய வேண்டும். அதனால் புயல் எங்கே நிற்கிறதென்று ஒவ்வொரு நாளும் செய்தி வரும். வேண்டுமென்றால் வந்து கேள்.”

அன்று முதல் அது என் வேலை ஆனது. பள்ளிக்கூடம் முடிந்து நேரே அந்தக் கடைக்குப் போவேன். வாசல் மணி அடிக்கும். கோப்பியும் புதுக் காகிதமும் கலந்த வாசனை வரும். அவர் ஒரு துண்டில் இரண்டு எண்களை எழுதித் தருவார். வடக்கே எத்தனை, மேற்கே எத்தனை. காற்றின் வேகத்தையும் எழுதுவார். வீட்டுக்கு வந்து படத்தில் விரலால் கோடு பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிவப்புத் தலைக் குண்டூசி குத்துவேன். நீல அட்டைக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். புயல் ஆப்பிரிக்காவின் கரையோரம் ஒரு முகில் கூட்டமாகத் தொடங்கும் என்பதும், மேற்கே நகர நகரச் சூட்டுக் கடல் அதற்குத் தீனி போடும் என்பதும் எனக்கு மனப்பாடம். தீவில் மட்டும் ஒரு பச்சைக் குண்டூசி. அது அப்பா.

படத்தை என் அறையில் மாட்டத்தான் நினைத்தேன். அம்மாதான் வரவேற்பறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்.

“எல்லாரும் பாக்கட்டும் பிள்ளை,” என்றார்.

அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்வது.

ஒரு புதன்கிழமை விட்டு மறு புதன்கிழமை, பின்னேரம் நாலு மணிவாக்கில் அப்பா தொலைபேசி எடுத்துப் பேசுவார். ஐந்து நிமிடம்தான். தீவில் அப்போது காலை பத்து மணி. குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரித் தெளிவாக இருக்கும். ஊரிலிருந்து யாராவது எடுத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். நாம் சொல்வது போய்ச் சேர ஒரு கணம், பதில் வர ஒரு கணம், நடுவில் நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்கும். அப்பாவின் அழைப்பில் அது ஒன்றும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். “அங்க நல்ல லைன்,” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மேல்மாடியில் ஒரு அன்ரி இருந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள். நல்ல மனது, அதைவிடப் பெரிய வாய். நகரத்தில் உள்ள அத்தனை தமிழ் வீட்டுக்கும் அவர்தான் செய்தி. மூன்று நாளைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கறியை மூடி எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். வந்தால் கண் நேரே படத்துக்குப் போகும்.

“புயல் எங்க நிக்குது பிள்ளை?”

“மேற்கால நாற்பத்தெட்டில நிக்குது அன்ரி. இன்னும் ரெண்டு நாளில திரும்பாட்டி அப்பாவின்ர பக்கம் வரும்.”

“ஐயோ மாதாவே,” என்பார் அன்ரி. “ஒருக்கா வடிவா விளங்கப்படுத்து.”

அம்மா பின்னால் நின்று, “காட்டு பிள்ளை, அன்ரிக்குக் காட்டு,” என்பார். நான் காட்டுவேன். என் கொப்பியையும் திறந்து காட்டுவேன். அன்ரியின் கண் கலங்கும். அவர் மேலே ஏறிப் போய் அரை மணி நேரத்தில் நகரம் முழுவதற்கும் தெரிந்துவிடும், அப்பாவை நோக்கிப் புயல் ஒன்று போகிறதென்று.

ஓகஸ்ட்டில் கேவலார் மாதாவிடம் போனோம். வருடத்தில் ஒருநாள் ஜெர்மனியின் மூலைமுடுக்கிலிருந்து நம் ஆட்கள் எல்லோரும் அங்கே கூடுவார்களே, அந்தத் திருநாள். அம்மா பிறந்த வீட்டைப் போன்ற சைவக்காரர்களும் வருவார்கள். மெழுகுதிரிச் சூடு, வாழையிலை இல்லாத குறைக்குக் காகிதத் தட்டில் சோறு, பட்டுச் சேலைகளில் சுவாமி அறைப் பெட்டியின் வாசனை. மன்றாட்டுகளின் இடையில் சுவாமியார் ஒலிவாங்கியில் சொன்னார்: “கடலின் நடுவே ஒரு தீவில், புயலுக்குப் பயந்து தவித்துக்கொண்டிருக்கும் எங்கள் சகோதரருக்காக.” அன்ரிதான் எழுதிக் கொடுத்திருந்தார். அத்தனை ஆயிரம் பேரும் அப்பாவுக்காக மன்றாடினார்கள். அம்மா குனிந்து அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம் என்றேன். அந்த வாரம் அந்தப் புயல் உண்மையாகவே வடக்கே திரும்பிப் போனது. மாதாவுக்கு நன்றி சொல்லி மூன்று நாள் இனிப்பு எதுவும் சாப்பிடவில்லை.

செப்டம்பரில் வந்த புயல் திரும்பவில்லை.

அது ஒரு புதன்கிழமை தொடங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைப் பெண் துண்டை நீட்டியபோது சிரிக்கவில்லை. குண்டூசிகள் ஒரே நேர்கோட்டில் தீவை நோக்கி வந்தன. அன்று பின்னேரம் குசினியில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, கடையில் கேட்டு வந்ததைச் சொன்னேன்.

“புயலுக்கு நடுவில கண் இருக்காம் அம்மா. அது வந்தா அரை மணித்தியாலம் இலைகூட ஆடாது. எல்லாம் முடிஞ்சுதெண்டு ஆக்கள் வெளிய வருவினம். பிறகு மற்றப் பக்கத்தால அடிக்கும். அப்பிடித்தான் கன பேர் சாகிறது. அப்பாவுக்கு ஆரும் இதைச் சொல்லோணும்.”

அம்மா வெங்காயத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் சொல்லுறன்,” என்றார்.

“எப்பிடி?”

“அடுத்த முறை எடுக்கேக்க.”

அடுத்த முறை என்றால் அடுத்த புதன். அதற்குள் புயல் வந்துவிடும் என்று நான் அழுதேன். அம்மாவும் அழுதார். அது வெங்காயத்தால் வந்த அழுகை இல்லை என்று இன்றும் நம்புகிறேன். அதைக்கூட நம்பாவிட்டால் எனக்கு அந்த வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

திங்கட்கிழமை சிவப்புக் குண்டூசியைப் பச்சைக் குண்டூசிக்குப் பக்கத்தில் குத்தினேன். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. அன்ரி செபமாலையோடு இறங்கி வந்தார். வேறு வீடுகளிலிருந்தும் வந்தார்கள். அம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபித்தோம். மாமாவும் முழந்தாளிட்டார். மாமா சைவம்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு ஓடினேன். கடைப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

“விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தொலைபேசி ஒன்றும் வேலை செய்யவில்லை. எங்கள் பயணிகளின் வீட்டார் நாற்பது தடவை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். தீவிலிருந்து ஒரு அழைப்பும் வெளியே வர முடியாதாம், கிழமைக் கணக்கில் ஆகும் என்கிறார்கள். அப்பா எடுக்கவில்லை என்றால் பயப்படாதே. யாராலும் எடுக்க முடியாது.”

என் கையில் ஒரு சொக்லேட் வைத்தார். அந்த வருடம் முழுவதும் எனக்கு உண்மை சொன்ன ஒரே பெரிய ஆள் அவர்தான்.

புதன்கிழமை நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

வரவேற்பறையில் அம்மா, அக்கா, மாமா, அன்ரி, இன்னும் இரண்டு பெண்கள். அம்மா எடுத்து, “ஐயோ, நீங்களோ, சுகமோ,” என்று சொல்லி அழுதார். அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தொலைபேசி என்னிடம் வந்தது.

“அப்பா?”

“ஓம் பிள்ளை. அப்பாதான். ஒண்டுக்கும் பயப்பிடாதை, நான் சுகமா நிக்கிறன்.”

“புயல் அடிச்சதோ அப்பா?”

“அடிச்சதோ எண்டு கேக்கிறாய். கூரை எல்லாம் பறந்து போச்சுது. பிறகு அரை மணித்தியாலம் இலைகூட ஆடேல்லை பிள்ளை. எல்லாம் முடிஞ்சுதெண்டு ஆக்கள் வெளிய வந்தினம். நான் போகேல்லை. பிறகு மற்றப் பக்கத்தால அடிச்சுது பார்.”

என் சொல். குசினியில் நான் அம்மாவுக்குச் சொன்ன சொல், அதே ஒழுங்கில். போன புதன் என் வாயால் போனது இந்தப் புதன் அவர் வாயால் திரும்பி வந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரித் தெளிவாக இருந்தது. கடைப் பெண் சொன்னது என் காதில் நின்றது: யாராலும் எடுக்க முடியாது.

நான் அறிவாளித்தனமாக ஒன்றும் செய்யவில்லை. உண்மையில், அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

“அப்பா, அங்க இப்ப என்ன நேரம்?”

அவர் யோசிக்கவில்லை. எதிரே ஒரு சுவர் மணிக்கூடு இருந்திருக்க வேண்டும்.

“நாலேகால் பிள்ளை.”

எங்கள் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலேகால். தீவில் காலை பத்தேகால் ஆகியிருக்க வேண்டும்.

அப்பா தன் பிழையை உணர்ந்தாரோ தெரியாது. நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் யார் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்ரி மட்டும் என்னையே பார்த்தார்.

“என்ன பிள்ளை சொல்லுறார் அப்பா?”

“புயல் போயிட்டுதாம் அன்ரி,” என்றேன். “கூரை பறந்து போச்சுதாம். அப்பா சுகமாம்.”

அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்பா எங்கேதான் இருக்கிறார் என்று அதன் பிறகு இரண்டு மூன்று கிழமை மண்டை காய்ந்தேன். செத்தவர்கள் தொலைபேசியில் பேச மாட்டார்கள், அதனால் சாகவில்லை. வேறு ஒரு வீடும் வேறு பிள்ளைகளும் இருக்கலாம். அங்கேயும் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கலாம். இதை யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய எல்லோரும்தான் பொய் சொன்னவர்கள்.

வியாழக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடமும் நீச்சல். வகுப்பு முழுவதும் ட்ராமில் போய்வருவோம். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு நீண்ட செங்கல் சுவர் வரும். மேலே கம்பிச் சுருள். கோடை முழுவதும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் தலைக்குள் தீவின் நெடுங்கோடுதான் ஓடும். ஒக்டோபரில் ஒருநாள் திரும்பி வரும்போது ட்ராம் அந்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. என் முடி ஈரமாக இருந்தது, கண்ணாடியில் குளோரின் வாசனையோடு மூச்சு படர்ந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்கு முன்னால் வரிசையில் நாலைந்து பெண்கள். மூன்றாவதாக அம்மா. வியாழக்கிழமைகளில் ஒரு அலுவலகம் துப்புரவாக்கப் போவதாகச் சொல்லுவாரே, அந்த அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வாயிலிருந்து அப்பாவின் பழுப்புக் குளிர்ச்சட்டையின் கை வெளியே தொங்கியது.

பக்கத்தில் இருந்த என் சிநேகிதியும் பார்த்தாள்.

“அது உன் அம்மா இல்லையா?”

“இல்லை,” என்றேன். “உங்களுக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே முகம்தான்.”

அவள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ட்ராம் புறப்பட்டது.

மீதியை அக்கா பல வருடங்கள் கழித்துச் சொன்னாள். அப்பா தன் தங்கையின் மகனையும் வேறு இரண்டு பொடியன்களையும் எல்லை தாண்டிக் கூட்டி வரப் போயிருக்கிறார், அந்தப் பச்சைக் காரில். வழியில் பிடித்துவிட்டார்கள். காரையும் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு மாதம் சிறை. உள்ளே வேலை செய்த ஒரு நல்ல பெண் தன் அறைத் தொலைபேசியில் ஒன்றுவிட்ட புதன் ஐந்து நிமிடம் பேச விட்டிருக்கிறார். தங்கை மகனுக்காகச் சிறைக்குப் போனவர். வெளியே தெரிந்திருந்தால் ஊர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆனால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கொலோன் சம்பந்தம்தான் கண்ணில் நின்றது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்களே. ஆயிரத்துக்கும் என்னைத்தான் சாட்சிக்கு வைத்தார்கள்.

நவம்பர் வரை நான் குண்டூசி குத்தினேன். “அன்ரி வாறா, படத்தைப் பார்த்து வை,” என்று அம்மா சொல்லுவார். நான் கடைக்குப் போய்த் துண்டை வாங்கி வருவேன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தத் தீவில் அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு புயலைக்கூட நான் இடம் மாற்றிக் குத்தவில்லை.

வசந்தத்தில் அப்பா வந்தார். கனடா வழி சரிவரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னார்கள். நிறம் வெளுத்திருந்தது. வெயில் தீவிலிருந்து வந்த மனிதர் எப்படி வெளுத்தார் என்று அன்ரிகூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு பெரிய சங்கு கொண்டு வந்திருந்தார்.

“அங்கத்தைச் சங்கு பிள்ளை. காதில வைச்சா கடல் கேக்கும்.”

அடியில் விலைத்துண்டு பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. நம் நகரத்துப் பெரிய கடையின் துண்டு. நான் காதில் வைத்துக் கேட்டேன். “கேக்குது அப்பா,” என்றேன். அன்றிரவு அவர் என் நீலக் கொப்பியை இரவல் கேட்டார். கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. அடுத்த கலியாண வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது.

அக்காவின் கலியாணத்துக்கு முதல் நாள் மாமா வீட்டில் பலகாரம் சுட்டார்கள். நான் களைத்துப்போய், அன்று தீவின் பெயரைக் கேட்டபோது இருந்த அதே கதிரையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே கண்ணாடி அலுமாரி. அதற்குள் ஒரு ரம் போத்தல். லேபிளில் ஒரு தென்னை மரமும் அந்தப் பெயரும். என் அப்பாவை நான் ஆறு மாதம் காவல் காத்த தீவு அந்த லேபிளிலிருந்து வந்ததுதான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று மாமா அடிக்கடி சொல்லுவார். பொருத்தம் பார்க்க அவர் அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

இதையெல்லாம் நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்று பலமுறை நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் காற்றின் வேகத்தை என்னிடம் கேட்பார், நான் சொல்லிவிடுவேன். இப்போது அவரும் இல்லை.

அதனால் அன்று தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, அவர் அங்க போகேல்லை. எனக்குத் தெரியும்.”

அந்தப் பக்கம் மணிக்கூடு கேட்டது.

“உனக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும். ட்ராமுக்குள்ள இருந்து பார்த்தனி. நானும் உன்னைக் கண்டனான்.”

என் கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தேன்.

“முகத்தைத் திருப்பினனி,” என்றார் அம்மா. “அதையும் கண்டனான்.”

“அப்ப ஏனம்மா அதுக்குப் பிறகும் என்னைக்கொண்டு ஊசி குத்துவிச்சனீங்கள்?”

“குத்தாமல் விட்டா மேல்வீட்டு அன்ரி கேட்டிருப்பா.” பிறகு, சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போல, “நான் சொன்னா ஆரும் நம்பாயினம் பிள்ளை. நீ சொன்னா எல்லாரும் நம்பிச்சினம்,” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது. என்னை ஏமாற்றினார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஏமாந்தவள் விழித்துவிட்டாள் என்று தெரிந்தும் அவளையே கொண்டு வேலை வாங்கினார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மாவை வரிசையில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பியவளும் நான்தான். யாரிடம் போய் முறையிடுவது?

புயல் பந்தியை நான் எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மாமா எழுதிக் கொடுத்தாராம். எண்பது தாண்டிவிட்டார், கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதினாராம். நேற்று அக்கா அச்சுப்படியை அனுப்பியிருந்தாள், பிழை இருந்தால் திருத்தச் சொல்லி. அப்பாவின் படம், ஒரு மெழுகுதிரி, பிறகு நான் எழுதிய இரண்டு பக்கம். அதற்கு நடுவில் அந்தப் பந்தி. கூரை பறந்தது, இலைகூட ஆடவில்லை, மற்றப் பக்கத்தால் அடித்தது, எல்லாம் இருந்தது. காற்றின் வேகம் மட்டும் தவறாக இருந்தது.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த எண்ணை வெட்டினேன். சரியான எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன்.